விலை குறைந்த எலக்ட்ரிக் கிட்டார்: பிக்கப்பை மாற்றாமல் ஒலியைச் சீராக்க வழி உண்டா?

கேள்வி (பாலக்கோடு)

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் தருமபுரியில் ஒருவரிடமிருந்து ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவிலான பழைய எலக்ட்ரிக் கிட்டார் ஒன்றை, 10 வாட் ஆம்ப் உட்பட, 4,500 ரூபாய்க்கு வாங்கினேன். அதில் தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்புகள் மூன்று உள்ளன. வாங்கிய நாள் முதல் மூன்று குறைகள் என்னை வாட்டுகின்றன. ஒலி பானைக்குள் பேசுவதுபோல் மந்தமாக இருக்கிறது. ஆம்பை இயக்கியதும் ஓயாத இரைச்சல் எழுகிறது; தந்திகளின்மீது கையை வைத்தால் அது பாதியாகக் குறைந்து, கையை எடுத்ததும் மறுபடியும் வந்துவிடுகிறது. திறந்த தந்திகளை ட்யூனர் செயலியில் துல்லியமாகச் சுருதி சேர்த்த பிறகும், ஏழாம் ஃப்ரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைக்கு) மேலே கார்டு (பல சுரங்களின் கூட்டு) பிடித்தால் அபசுரமாக ஒலிக்கிறது. பெங்களூருவில் ஒரு கடையில் காட்டியபோது, மூன்று பிக்கப்புகளையும் மாற்ற 6,000 ரூபாய் ஆகும் என்றார்கள். கிட்டாரின் விலையைவிடக் கூடுதலாகச் செலவிட மனம் ஒப்பவில்லை. வேறு வழி உண்டா?

மறுமொழி (கிருஷ்ணகிரி)

தம்பி, அந்த ஆறாயிரத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். நீங்கள் சொன்ன மூன்று குறைகளில் பிக்கப்பை மாற்றினால் உறுதியாகத் தீரக்கூடியது ஒன்றுகூட இல்லை.

முதலில் தந்திகளை மாற்றுங்கள். வியர்வையும் துருவும் ஏறிய தந்தியில் மேல்சுரங்கள் செத்துப்போகும். பானைக்குள் பேசும் ஒலிக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். 9-42 அளவுள்ள (தந்திகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) செட் உங்களுக்குப் போதும். ஒரே நேரத்தில் ஆறு தந்திகளையும் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றினால், பின்புறத்துச் சுருள்வில்கள் குதிரையை (உடல் பக்கம் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜை) இழுத்துச் சாய்க்காது. கழுத்தின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் நட்டின் பள்ளங்களில் பென்சில் கரியைத் தேய்த்துவிட்டால் தந்தி அங்கே சிக்கிக்கொள்ளாமல் வழுக்கி நகரும்.

பிறகு குதிரையைக் கவனியுங்கள். வீணையில் மெட்டுகளை மெழுகில் பதித்திருப்பதால், சுரம் பிசகினால் மேளம் கட்டுபவர் மெட்டையே நகர்த்திச் சரிசெய்துவிடுவார். கிட்டாரின் ஃப்ரெட் மரத்தில் அறையப்பட்டது, அசையாது. ஆகவே இங்கே நகர்த்த வேண்டியது குதிரையின்மேல் ஒவ்வொரு தந்தியும் அமர்ந்திருக்கும் சேடிலை. பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே தந்தியை விரலால் மெல்லத் தொட்டு மீட்டி ஹார்மோனிக் (மணிபோன்ற மேல்சுரம்) எழுப்புங்கள். பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். அழுத்திய சுரம் ஏறி ஒலித்தால் தந்தியின் நீளம் போதவில்லை என்று பொருள்; சேடிலைப் பின்னால் தள்ளுங்கள். இறங்கி ஒலித்தால் கழுத்தை நோக்கிக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு திருகலுக்குப் பிறகும் திறந்த தந்தியை மறுபடி சுருதி சேர்க்காவிட்டால் இந்தச் சோதனைக்குப் பொருளே இல்லை. தந்தியை அழுத்தும்போது அது சற்று இழுபட்டுச் சுருதி ஏறுவதால்தான் சேடிலுக்கு இந்தக் கூடுதல் நீளம் தேவைப்படுகிறது. ஆறு சேடில்களும் ஒரே கோட்டில் நிற்கவில்லையே என்று கவலைப்படாதீர்கள். அவை படிக்கட்டுபோல் நிற்பதுதான் முறை.

மறுமொழி (ஓசூர்)

இரைச்சலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்; எலக்ட்ரானிக்ஸ் பழுதுபார்ப்பது என் தொழில். தந்தியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது என்றால், குதிரைக்குச் செல்லும் எர்த் கம்பி நல்ல நிலையில் இருக்கிறது. உங்கள் உடல் சுற்றிலும் உள்ள மின் இரைச்சலை வாங்கிக் கிட்டாருக்குக் கொடுக்கிறது. தந்தியைத் தொட்டதும் உடலே எர்த்தோடு சேர்ந்து மறைப்பாகிவிடுகிறது. குறை கிட்டாருக்குள் மறைப்பு இல்லாததுதான். மேல்தட்டைக் கழற்றி, உள்ளே குடைந்த பகுதி முழுவதிலும் தட்டின் அடியிலும் காப்பர் டேப் ஒட்டி, அதை எர்த்துடன் சால்டர் செய்யுங்கள். டேப்பின் பசை மின்சாரத்தைக் கடத்தாமல் போகலாம் என்பதால், ஒட்டுகள்தோறும் ஒரு பொட்டுச் சால்டர் வைத்து, மல்டிமீட்டரில் தொடர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள்.

அதற்கு முன்பாக, வீட்டுப் பிளக் பாயின்டில் எர்த் இணைப்பு உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதியுங்கள். பழைய வீடுகளில் மூன்று ஓட்டைகள் இருக்கும், எர்த் துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. தந்தியைத் தொடும்போது சுரீர் என்று இருந்தால், அது சரியாகும்வரை வாசிக்கவே வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

இரண்டு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். தந்தியை மாற்றிய மாலையிலேயே பானை உடைந்துவிட்டது! ஆறாம் தந்தி பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் 18 சென்ட் (அரைச் சுர இடைவெளியின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏறியிருந்தது. சேடிலைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனேன். இன்னும் 5 சென்ட் மிச்சமிருக்கும்போது அதன் பின்னாலுள்ள சிறு சுருள்வில் முழுதாக நசுங்கி, திருகு நகர மறுத்துவிட்டது. பிளக் பாயின்டைத் திறந்து பார்த்த எலக்ட்ரீஷியன், எர்த் கம்பி தொங்கிக்கொண்டிருந்ததைக் காட்டினார். அதை இணைத்து, காப்பர் டேப்பும் ஒட்டிய பிறகு இரைச்சல் வெகுவாக அடங்கிவிட்டது.

உற்சாகத்தில் ஒரு தவறும் செய்தேன். ஒலி கூடட்டும் என்று மூன்று பிக்கப்புகளையும் தந்திகளுக்கு மிக அருகில் உயர்த்தினேன். ஒலி கூடியது, ஆனால் ஆறாம் தந்தியை மேல் ஃப்ரெட்டுகளில் மீட்டினால் இரண்டு சுரங்கள் ஒன்றோடொன்று மோதுவதுபோல் அலையலையாகக் கேட்கிறது.

மறுமொழி (கிருஷ்ணகிரி)

அந்தச் சுருள்வில்லை எடுத்து, கட்டிங் பிளையரால் பாதியாக வெட்டி மீண்டும் மாட்டுங்கள். சேடில் பின்னால் போக இடம் கிடைத்துவிடும்.

அலையலையாகக் கேட்பதற்குக் காரணம் காந்தம். பிக்கப் மிக அருகில் இருந்தால் அதன் காந்தம் தந்தியைப் பிடித்திழுத்து, இயல்பாக அதிர விடாது. தடித்த தந்தியில் இது தெளிவாகத் தெரியும். கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு, பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து இடைவெளியை அளங்கள். தடித்த தந்திப் பக்கம் இரண்டரை மில்லிமீட்டரும், மெல்லிய பக்கம் இரண்டு மில்லிமீட்டரும் இருக்கட்டும். அங்கிருந்து காதால் கேட்டு ஏற்றி இறக்குங்கள். கழுத்துப் பக்கத்துப் பிக்கப் இன்னும் சற்றுத் தாழ்ந்தே இருக்கலாம், ஏனெனில் அங்கே தந்தியின் அசைவு பெரிது.

மறுமொழி (ஓசூர்)

மீதமுள்ள இரைச்சலுக்கு ஒரு சோதனை: பிக்கப் சுவிட்சை, இரண்டு பிக்கப்புகள் சேர்ந்து ஒலிக்கும் இரண்டாம், நான்காம் நிலைகளில் வையுங்கள். அங்கே மட்டும் இரைச்சல் அடங்கினால், நடு பிக்கப்பை எதிர்ச்சுற்றாகவும் எதிர்க்காந்தமாகவும் அமைத்திருக்கிறார்கள். அது உங்கள் அதிர்ஷ்டம். மற்ற நிலைகளில் சற்று மிஞ்சுவது சிங்கிள் காயிலின் பிறவிக் குணம்.

கேள்வி கேட்டவர்

இரண்டாம் நிலையில் முற்றிலும் அமைதி. பிக்கப்பை இறக்கியதும் அலையும் நின்றது. மேல் ஃப்ரெட் கார்டுகளும் சேர்ந்துவிட்டன. ஒன்றே ஒன்று மிச்சம்: முதல் ஃப்ரெட்டில் எஃப் கார்டு மட்டும் ஏறி ஒலிக்கிறது.

மறுமொழி (கிருஷ்ணகிரி)

அது நட். மூன்றாம் ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டுக்கு மேலே பாருங்கள். தலைமுடி நுழையும் அளவு இடைவெளிதான் இருக்க வேண்டும். அதைவிடக் கூடுதலாக இருந்தால் பள்ளத்தை அரத்தால் ஆழப்படுத்த வேண்டும். கூடுதலாக அராவிவிட்டால் நட்டையே மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் நீங்களே முயலாதீர்கள். என்னிடம் தந்தி அளவுக்கேற்ற அரங்கள் உள்ளன. ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரிக்கு வர முடிந்தால் கிட்டாரை எடுத்து வாருங்கள். தந்திகளைத் தளர்த்த வேண்டாம், இப்போதிருக்கும் சுருதியிலேயே கொண்டுவாருங்கள்.