4294967295-ஓட காரணி எல்லாம் ஏன் இப்படி வரிசையா வருது?

பிட்டுப்பூச்சி:
32 பிட்ல எழுதக்கூடிய பெரிய எண் 4294967295, அதாவது 2^32 − 1. சும்மா பகாக்காரணியா பிரிச்சு பாத்தேன், 3 × 5 × 17 × 257 × 65537ன்னு வருது. ஒவ்வொண்ணும் 2, 4, 16, 256, 65536 கூட ஒண்ணு கூட்டுனது. இது தற்செயலா இல்ல பின்னாடி ஏதாச்சும் இருக்கா?

அரைவட்டம்:
பாதி கணக்கு, பாதி அதிர்ஷ்டம் ப்ரோ. ஸ்கூல்ல படிச்ச (அ+1)(அ−1) தான், 2^32 − 1ஐ (2^16 + 1)(2^16 − 1)னு உடைங்க, அந்த ரெண்டாவத திரும்ப உடைங்க, இப்படியே போனா அஞ்சு துண்டு கிடைக்கும். அடுக்கு 32ங்கறதால தான் பாதி பாதியா போக முடியுது, 2^31 − 1 எடுத்தீங்கன்னா 2147483647, அதுவே பகா எண், உடையாது. அந்த அஞ்சு துண்டும் பகா எண்ணா அமைஞ்சது தான் அதிர்ஷ்டம். இந்த மாதிரி வர்ற எல்லாமே பகா எண் தான்னு கணித மேதை ஃபெர்மா நம்புனாரு, 1732ல இன்னொரு கணித மேதை ஆய்லர் வந்து அடுத்ததையே காலி பண்ணிட்டாரு: 2^32 + 1 = 4294967297 = 641 × 6700417. அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் ஆறாவதா ஒண்ணு சிக்கல.

கோணவாயன்:
இதுல ஜாமெட்ரியும் இருக்கு. 17 பக்க ஒழுங்கு பலகோணத்த ஸ்கேலும் காம்பஸும் மட்டும் வச்சு போடலாம்னு கணித மேதை காஸ் 1796ல கண்டுபிடிச்சாரு. நம்ம எண்ணுக்கு மொத்தம் 32 வகுத்தி, 1ஐ விட்டா 31. ஒற்றைப்படை பக்கத்துல வரையலாம்னு நமக்கு தெரிஞ்ச பலகோணம் அந்த 31 மட்டும் தான், அதுல பெருசு 4294967295 பக்கம். யாரும் போட்டு பாக்காதீங்க, வட்டம் மாதிரி தான் தெரியும் 😄

முக்கோணி:
எனக்கு இதுல ரொம்ப பிடிச்சது வேற. பாஸ்கல் முக்கோணத்துல (ஓரத்துல 1, உள்ள ஒவ்வொரு எண்ணும் அதுக்கு மேல இருக்கற ரெண்டோட கூட்டல்) ஒற்றைப்படைக்கு 1, இரட்டைப்படைக்கு 0 போட்டு ஒவ்வொரு வரியையும் பைனரியா படிங்க: 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257... முதல் 32 வரியும் அப்படியே இந்த எண்ணோட 32 வகுத்திங்க தான், அதுவும் சின்னதுலேந்து பெருசா! 32வது வரி முழுக்க 1, அதுவே 4294967295.

பிட்டுப்பூச்சி:
யப்பா 😳 போட்டு பாத்துட்டேன், சரியா வருது. அப்போ 33வது வரி?

முக்கோணி:
1, நடுவுல 31 சைபர், கடைசில 1. ஆய்லர் உடைச்ச அதே 4294967297.