ஷிரோவின் எச்3 தியாகத்தை எஞ்சின் காட்ட மறுக்கிறது, அவசர உதவி தேவை

வலைக்கொட்டகை, பாம்பன் (வெள்ளி, இரவு 9.40)

அனைவருக்கும் வணக்கம். மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாட்களும் எங்கள் வலை பின்னும் கொட்டகையில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குச் சதுரங்க வகுப்பு நடத்துகிறோம். இந்த வாரம் புகழ்பெற்ற தியாகங்களைக் கணினியில் சோதித்துக் காட்டுகிறேன் என்று வாய் விட்டுவிட்டேன். 1998 லினாரஸ் போட்டியில் டோபலோவுக்கு எதிராக ஷிரோவ் 47ஆவது நகர்த்தலில் மந்திரியை எச்3 கட்டத்தில் கொண்டுபோய் வைத்த நிலையைத்தான் எடுத்துக்கொண்டேன். எஞ்சினை (நகர்த்தல்களைக் கணக்கிடும் சதுரங்க நிரலை) 20 நிமிடம் ஓடவிட்டும், அது சிறந்தவை என்று காட்டும் ஐந்து வரிகளில் ஒன்றில்கூட அந்த நகர்த்தல் வரவில்லை. ராஜாவை நகர்த்து என்கிறது. இல்லையென்றால் மந்திரியை வேறு எங்கோ கொண்டுபோகச் சொல்கிறது. இன்றைய கணினிக்கும் எட்டாத நகர்த்தல் இது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடலாமா, அல்லது என் எஞ்சினில் கோளாறா? நாளை மறுநாள் வகுப்பு.

தொண்டிக் குதிரை (வெள்ளி, இரவு 9.58)

மீன் வாங்கி வா என்று சொல்லி அனுப்பிவிட்டு, எந்த மீன், எத்தனை கிலோ என்று சொல்லாமல் விட்டதைப் போல இருக்கிறது உங்கள் கேள்வி. எந்த எஞ்சின்? எந்தப் பதிப்பு? கைபேசியா, மடிக்கணினியா? எத்தனை ஆழம் வரை, அதாவது எத்தனை அடி முன்னோக்கிப் பார்த்தது? நிலையை எப்படி அமைத்தீர்கள்? இன்னொன்று, மந்திரி என்று நீங்கள் எழுதியிருப்பது ராணியையா, பிஷப்பையா? எங்கள் ஊரில் வயதானவர்கள் ராணியைத்தான் மந்திரி என்பார்கள்.

ஏழாம் வரிசை (வெள்ளி, இரவு 10.05)

ஹாஷ் நினைவகத்தை (எஞ்சின் கணக்கிட்டதைக் குறித்துவைக்கும் இடம்) பாருங்கள், வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. ஸ்டாக்ஃபிஷ் எஞ்சின் தானாக எடுத்துக்கொள்வது வெறும் 16 எம்பிதான். நீண்ட நேரம் ஓடும்போது அது நிரம்பி, முன்பு கண்டுபிடித்தவற்றை அழித்து அழித்து எழுதிக்கொண்டிருக்கும். குறைந்தது 256 எம்பி கொடுத்து, ஐந்து வரிகளை ஒரே வரியாகக் குறைத்துவிட்டு மறுபடி ஓடவிடுங்கள். ஐந்து வரி கேட்டால் ஐந்துக்கும் முழுக் கணக்குப் போட வேண்டியிருப்பதால் ஆழம் மெதுவாகத்தான் ஏறும்.

உப்புக்காற்று, தங்கச்சிமடம் (வெள்ளி, இரவு 10.21)

ஹாஷும் இல்லை, ஒன்றும் இல்லை, சூடுதான் காரணம். அக்னி நட்சத்திர நாட்களில் தகரக் கூரைக்குக் கீழே கைபேசியில் எஞ்சினை ஓடவிட்டால், ஐந்து நிமிடத்தில் செயலி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிடும். திரையில் நேரம் ஓடும், கணக்கு ஓடாது. என் மடிக்கணினியைத் திறந்தபோது விசிறியின் அச்சில் கல் உப்பைப் போல வெள்ளையாகப் படிந்திருந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். அதைச் சுரண்டி எடுத்த பிறகு, முன்பு 40 நிமிடம் பிடித்த ஆழத்தை 15 நிமிடத்தில் எட்டியது. கைபேசி உறையைக் கழற்றிவிட்டு, இரவில் கடற்காற்று வரும் இடத்தில் வைத்து ஓட்டிப் பாருங்கள்.

பழைய பலகை (வெள்ளி, இரவு 10.50)

இந்த நிலையைப் பற்றி நான் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கம் புதிதாக வருகிறவர்களிடம் இல்லை. காரணம் அடிப்படையானது. எஞ்சின் எல்லா நகர்த்தல்களையும் ஒரே ஆழத்துக்குப் பார்ப்பதில்லை. முதல் பார்வையில் மோசமாகத் தெரியும் நகர்த்தல்களைக் குறைந்த ஆழத்தில் பார்த்துவிட்டு ஒதுக்கி வைக்கும். ஒரு முழுக் காயைச் சும்மா கொடுக்கும் நகர்த்தல் அந்தப் பட்டியலில் கடைசியில்தான் கிடக்கும். 1998இல் இருந்த எஞ்சின்கள் இதனால்தான் இதைக் காணவில்லை. எண்ட்கேம் அட்டவணையும் (சில காய்களே மிஞ்சிய நிலைகளின் முடிவை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த தொகுப்பு) இங்கே உதவாது. அது 7 காய்களுக்குத்தான் இருக்கிறது, இந்த நிலையில் 10 காய்கள் உள்ளன. கணினியிடம் விடையை எதிர்பார்ப்பதை விட்டுவிட்டு, ஆட்டத்தின் இறுதி வரை காய்களை நகர்த்திச் சென்று, அங்கிருந்து ஒவ்வோர் அடியாகப் பின்னோக்கி வந்தால் எஞ்சினுக்குத் தானாகப் புரியும். இதெல்லாம் தெரிந்தபின் வகுப்பு எடுப்பது பிள்ளைகளுக்கு நல்லது.

வலைக்கொட்டகை, பாம்பன் (சனி, காலை 6.15)

பதில் அளித்த அனைவருக்கும் நன்றி. கைபேசிதான், ஸ்டாக்ஃபிஷ்தான், பதிப்பு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஆழம் 34 வரை போனது. காய்களை விரலால் இழுத்து வைத்து நிலையை அமைத்தேன். எங்கள் பக்கம் மந்திரி என்றால் பிஷப்தான். பலகையில் ராணியே இல்லையே, அண்ணா. ஹாஷை 256 ஆக்கி, உறையைக் கழற்றி, காற்றில் வைத்தும் ஓட்டிவிட்டேன். அதே ராஜாதான் வருகிறது.

ஏழாம் வரிசை (சனி, காலை 8.02)

512 கொடுத்துப் பாருங்கள்.

பழைய பலகை (சனி, காலை 9.30)

வகுப்புக்கு இந்த ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்ததே தவறு என்று சொல்ல வேண்டியிருக்கிறது. புகழ்பெற்ற தியாகங்களில் பெரும்பகுதி கணினியின் முன் நிற்பதில்லை என்ற உண்மையைப் பிள்ளைகள் முதலில் அறியட்டும். 1999இல் விக் ஆன் ஜீயில் டோபலோவுக்கு எதிராகக் காஸ்பரோவ் 24ஆவது நகர்த்தலில் யானையால் டி4 சிப்பாயை வெட்டியதை உலகமே கொண்டாடுகிறது. டோபலோவ் அந்த யானையைச் சிப்பாயால் வெட்டாமல் ராஜாவை பி6இல் வைத்திருந்தால் ஆட்டம் சமம். பல கட்டம் ராஜாவைத் துரத்தியதெல்லாம் டோபலோவ் தந்த பரிசு.

தொண்டிக் குதிரை (சனி, காலை 9.51)

பி6 நகர்த்தல் சமம் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் சமம் என்பதற்கும் தவறு என்பதற்கும் வேறுபாடு உண்டு அல்லவா? சிறந்த பதில் வந்தாலும் காஸ்பரோவ் தோற்கப்போவதில்லை. அந்த ஒரே பதிலைத் தவறவிட்டால் எதிராளி மீள முடியாது. இழப்பில்லாமல் எதிராளிக்கு இவ்வளவு கடினமான கேள்வியை வைப்பது ஆட்டக்காரனின் திறமை, யாரும் கொடுத்த பரிசு அன்று. அதே ஆட்டத்தில் 28ஆவது நகர்த்தலில் ராணியை சி3க்குக் கொண்டுபோனதைவிட யானையை ஏ7இல் வைத்திருந்தால் வெற்றி இன்னும் நேராக வந்திருக்கும் என்று கிராண்ட்மாஸ்டர் கவாலெக் சுட்டிக்காட்டினார். நீங்கள் குறை சொல்ல விரும்பினால் அந்த இடத்தில் சொல்லுங்கள்.

நிற்காத தியாகம் வேண்டுமென்றால் டாலிடம் போங்கள். 1960 மாஸ்கோ உலகப் பட்டப் போட்டியின் 6ஆவது ஆட்டத்தில் அவர் குதிரையை எஃப்4இல் வைத்தபோது அரங்கில் எழுந்த கூச்சலைத் தாங்க முடியாமல் ஆட்டத்தையே உள் அறைக்கு மாற்றினார்கள். 25ஆவது நகர்த்தலில், வெள்ளையை ஆடிய அன்றைய சாம்பியன் போட்வின்னிக் எதிரியின் ராணியை யானையால் வெட்டியதற்குப் பதிலாக, எஃப்3இல் வந்து நின்ற சிப்பாயைப் பிஷப்பால் வெட்டியிருந்தால் சாதகம் வெள்ளைக்குத்தான். கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே மனிதர்கள் கண்டுபிடித்தது இது. ஆனாலும் அந்த ஆட்டத்தை வென்றவர் டால். பட்டத்தையும் அவர் 12.5க்கு 8.5 என்று வென்றார்.

பழைய பலகை (சனி, காலை 10.10)

உணர்ச்சி வேறு, மதிப்பெண் வேறு. எஞ்சின் 0.00 (சமம்) காட்டினால் அந்தத் தியாகத்தால் ஒன்றும் கிடைக்கவில்லை என்றுதான் பொருள்.

ஏழாம் வரிசை (சனி, காலை 10.34)

அந்த மதிப்பெண்ணைப் பற்றி ஒரு சொல். 2022 இறுதியில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 15.1 முதல் 1.00 என்பது ஒரு சிப்பாய் அதிகம் என்பதைக் குறிப்பதில்லை. எஞ்சினும் எஞ்சினும் மோதினால் வெல்ல 50 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்பதைக் குறிக்கிறது. ஆகவே 0.00 என்பது இரண்டு எஞ்சின்களுக்கு இடையே டிரா என்று மட்டும் சொல்கிறது; கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, எதிரே காஸ்பரோவ் உட்கார்ந்திருக்க, ஒரு மனிதனுக்கு அந்த நிலை எவ்வளவு கடினம் என்பதை அந்த எண் சொல்லாது. எதிராளிக்குத் தோல்வி தராத பதில்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பது இதைவிட நல்ல அளவுகோல். அதற்கு மட்டும் ஐந்து வரிகள் பயன்படும். ஹாஷ் அப்போதும் பெரிதாக இருக்க வேண்டும்.

கீழக்கரை காக்கா (சனி, மாலை 5.20)

காஸ்பரோவையும் டாலையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தம்பிக்கு நாளைக் காலை வகுப்பு. வலைக்கொட்டகை, ஒரே ஒரு செய்தி மட்டும் கேட்கிறேன். எஞ்சின் ராஜாவை நகர்த்தச் சொல்கிறது என்று இரண்டு முறை எழுதிவிட்டீர்கள். எந்தக் கட்டத்துக்கு என்று இன்னும் சொல்லவில்லை. கூடவே பலகையில் நிற்கும் காய்களையும் ஒன்றுவிடாமல் எழுதுங்கள்.

வலைக்கொட்டகை, பாம்பன் (சனி, இரவு 7.45)

எஃப்2 கட்டத்துக்கு, காக்கா. வெள்ளையில் ராஜா ஜி1, மந்திரி சி3, சிப்பாய்கள் ஜி2, எச்4. கறுப்பில் ராஜா இ6, மந்திரி எஃப்5, சிப்பாய்கள் ஏ4, டி5, எஃப்6, ஜி6. மின்சாரம் போய்விட்டது, சார்ஜ் 11 சதவீதம்தான் இருக்கிறது.

கீழக்கரை காக்கா (சனி, இரவு 8.02)

காய்கள் பத்தும் சரியான இடத்தில் இருக்கின்றன. ஆனால் ஷிரோவ் ஆடியது கறுப்பு. இ6இல் நிற்கும் கறுப்பு ராஜா ஒரே நகர்த்தலில் எஃப்2க்குப் போக முடியாது. ஜி1இல் நிற்கும் வெள்ளை ராஜாவால்தான் முடியும். அதாவது உங்கள் எஞ்சின் 20 நிமிடமாக வெள்ளைக்கு நகர்த்தல் தேடிக்கொண்டிருக்கிறது. காய்களைக் கையால் வைத்து நிலையை அமைக்கும்போது, மாற்றாவிட்டால் வெள்ளையின் முறை என்றே இருந்துவிடும். அமைப்புப் பக்கத்தில் யாருடைய முறை என்று கேட்கும் இடத்தில் கறுப்பைத் தட்டுங்கள். எழுத்து வடிவில் நிலையை ஒட்டுகிறவர்கள், 8 வரிசைகளும் முடிந்தபின் ஓர் இடைவெளி விட்டு வரும் ஒற்றை எழுத்தைப் பார்க்க வேண்டும். அதுதான் முறையைச் சொல்லும் எழுத்து.

எஞ்சின் முட்டாள்தனமாக எதையும் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். வெள்ளையின் முறை என்றால் ராஜாவை எஃப்2க்குக் கொண்டுபோவதுதான் இயல்பு. அடுத்த அடியில் இ3ஐ அடைந்துவிட்டால் கறுப்பு ராஜாவுக்கு உள்ளே வர வழி அடைபடும். ஷிரோவ் தன் பிஷப்பைக் கொடுத்து வாங்கியது அந்த ஓர் அடியைத்தான். கறுப்பு ராஜா எஃப்5 வழியாக இ4க்கு ஓட வேண்டும். எஃப்5இல் அதன் பிஷப்பே வழிமறித்து நிற்கிறது. பிஷப் இ4க்கு விலகினாலும் ஜி2 சிப்பாயைத் தாக்கும்தான், ஆனால் ராஜா நிற்க வேண்டிய இடத்தில் பிஷப் நிற்கும். எச்3க்குப் போனால் வழியும் திறக்கும், ஜி2வும் தாக்கப்படும். டோபலோவ் சிப்பாயால் வெட்டினார்; கறுப்பு ராஜா எஃப்5, வெள்ளை ராஜா எஃப்2, கறுப்பு ராஜா இ4. இந்த மூன்று நகர்த்தல்களைப் பலகையில் வைத்துக் காட்டினாலே பிள்ளைகளுக்கு விளங்கிவிடும். அங்கிருந்து வெள்ளை பிஷப் எஃப்6 சிப்பாயை வெட்ட, டி சிப்பாய் முன்னேற, கறுப்பு ராஜா டி3, சி4, பி3 என்று நடந்து போனதும் 53ஆவது நகர்த்தலோடு டோபலோவ் ஆட்டத்தை விட்டார்.

பழைய பலகை (சனி, இரவு 8.40)

முறையைச் சரிபார்ப்பது முதல் பாடம் என்பதால்தான் நான் அதைத் தனியாகக் குறிப்பிடவில்லை.

தொண்டிக் குதிரை (சனி, இரவு 8.44)

பின்னோக்கி வரச் சொன்ன உங்கள் வழியும் நல்ல வழிதான், ஐயா. ஆனால் முதலில் எந்தத் திசையில் உட்கார்ந்திருக்கிறோம் என்று பார்த்திருக்க வேண்டும், நானும் பார்க்கவில்லை.

உப்புக்காற்று, தங்கச்சிமடம் (சனி, இரவு 9.15)

சூடும் ஒரு காரணம்தான்.

வலைக்கொட்டகை, பாம்பன் (ஞாயிறு, மாலை 6.30)

கறுப்பின் முறை என்று மாற்றினேன், தேநீர் ஆறுவதற்குள் எச்3 முதல் வரிக்கு வந்துவிட்டது. நன்றி, காக்கா. வகுப்பில் ஒரு சிறுமி, வெள்ளை அந்த மந்திரியை வெட்டாமல் ராஜாவை எஃப்2க்கே கொண்டுபோனால் என்ன ஆகும் என்று கேட்டாள். சட்டென்று பதில் வரவில்லை. அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்றேன்.

கீழக்கரை காக்கா (ஞாயிறு, இரவு 7.10)

நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள். ராஜா எஃப்2க்கு வந்தால், கறுப்பு ராஜா எஃப்5. வெள்ளை ராஜா இ4ஐத் தடுக்க எஃப்3க்கு வரும். அப்போது எச்3இல் நிற்கும் பிஷப் ஜி2 சிப்பாயை வெட்டிச் செக் கொடுக்கும். ராஜா அதை வெட்டினால் ஜி2க்குப் போய்விடும், கறுப்பு ராஜா இ4இல் ஏறிவிடும். வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் அந்த பிஷப் போகத்தான் வந்தது என்று அவளிடம் சொல்லுங்கள்.

ஏழாம் வரிசை (ஞாயிறு, இரவு 9.03)

ஹாஷ் எவ்வளவு வைத்து ஓட்டினீர்கள் என்று கடைசிவரை சொல்லவில்லையே?