குடில் இந்த வருஷம் எங்கே?

குழு: ஆச்சி வீடு
டிசம்பர் 13, சனிக்கிழமை

செல்வி: எல்லோரும் பாருங்கள். கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கிற பயிருக்கு இன்று ராத்திரி கம்பு ஊறப்போட வேண்டும். அம்மா காலையிலிருந்து இதே கேள்விதான். என் ஃபிளாட்டிலா, பழைய வீட்டிலா?

ரீகன்: பழைய வீடு

சேவியர்: என் ஓட்டும் அதற்கே

செல்வி: ஓட்டுப் போடுகிற எல்லோரும் 24 சாயங்காலம் வந்து இறங்குகிறவர்கள். கூட்டிப் பெருக்குவது யார்?

பெர்னா: அக்கா ஆரம்பிச்சாச்சு

மிக்கேல்: இடம் அப்புறம். முதலில் விதைப்பு. கம்பை ஒரு ராத்திரி ஊறவைத்து, தண்ணீரை வடித்து, ஈரத்துணியில் மூட்டையாகக் கட்டி வைக்க வேண்டும். மறுநாள் வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். தட்டில் மணலும் மக்கிய எருவும் கலந்து பரப்பி, நெருக்கமாகத் தூவி, கையால் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஊற்றினால் விதை எல்லாம் ஒரு மூலைக்குப் போய்விடும். நம் ஊர்ச் சூட்டுக்குப் பத்தே நாளில் பயிர் நிற்கும். அதனால்தான் அப்பா 14ஆம் தேதிக்கு முன்னால் விதைக்க விட மாட்டார்கள். முந்தினால் 24ஆம் தேதி மாடு படுத்து எழுந்த வயல் மாதிரி சாய்ந்து கிடக்கும்.

சேவியர்: சார் கிளாஸ் எடுத்தாச்சு

ரீகன்: அப்பா, போன வருஷம் பெங்களூரில் பத்து நாள் ஆகியும் மொட்டைத் தட்டுதான்

மிக்கேல்: அங்கே குளிர். நாலைந்து நாள் முந்தியே விதை என்று சொன்னேன். கேட்டால்தானே.

ஜெனி: பெரிய மாமா, பிளாஸ்டிக் புல் கிடைக்கிறது. ஒரு மீட்டர் போதும்.

சேவியர்: ஜெனி, ஓடிவிடு

பெர்னா: அம்மா காதில் விழ வேண்டாம்

செல்வி: விழுந்தாச்சு. நான்தான் வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

பெர்னா: அம்மாவுக்கு இதையும் காட்டு அக்கா. பழைய ஆல்பத்தில் இருந்தது. 1979.

பெர்னா ஒரு படத்தை அனுப்பினார்

சேவியர்: அந்தக் கட்டம் போட்ட துணி!

பெர்னா: ஒரே துணியில் அண்ணனுக்குச் சட்டை, அக்காவுக்கும் எனக்கும் கவுன், உனக்கு டவுசர் சட்டை. மிச்சத்தில் தலையணை உறை.

செல்வி: ரேடியோவுக்கும்

ரீகன்: பின்னால் மரத்தில் என்ன வெள்ளையாக?

பெர்னா: பனி

ரீகன்: தூத்துக்குடியிலா?

பெர்னா: மருந்துக்கடைப் பஞ்சு. சவுக்குக் கிளையை மண்ணெண்ணெய் டின்னில் மணல் போட்டு நட்டு, மேலே பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து வைப்போம். அண்ணன் நெற்றியைப் பார். படத்திலேயே வேர்வை தெரியும்.

மிக்கேல்: பனி என்றதும் சிரிக்க வேண்டாம். நம் கோயிலே பனிமய மாதா கோயில்தான். ரோமாபுரியில் ஆகஸ்ட் மாத வெயிலில் ஒரு குன்றின் மேல் பனி பெய்தது என்று வழிவழியாக ஒரு கதை. அதனால்தான் திருவிழா ஆகஸ்ட் 5. கிறிஸ்துமஸுக்கும் அந்தப் பனிக்கும் சம்பந்தமே இல்லை. 1223இல் புனித பிரான்சிஸ் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் குடில் வைத்தபோதும் வைக்கோல், மாடு, கழுதை, அவ்வளவுதான். பஞ்சு நடுவில் வந்து ஒட்டிக்கொண்டது.

சேவியர்: போனது எப்படி என்று அண்ணன் சொல்லவில்லை

செல்வி: சீரியல் பல்பைப் பஞ்சுக்குள் சொருகியவன் சொல்லட்டும்

சேவியர்: நான் இல்லை

பெர்னா: நீதான்

சேவியர்: அண்ணே, சொல்லுங்கள்

மிக்கேல்: கருகியது ஒரு கிளைதான். ஆனால் அதற்குப் பிறகு அப்பா பஞ்சை வீட்டுக்குள் விடவில்லை. காதில் சீழ் வந்தபோதுகூடப் பழைய வேட்டித் துணிதான்.

ஸ்டெல்லா: அத்தான், இடம் முடிவானால் நல்லது. எத்தனை பேர் என்று தெரிந்தால்தான் சாப்பாடு சொல்ல முடியும்.

செல்வி: சாப்பாடு சொல்வதா, ஆக்குவதா?

ஸ்டெல்லா: மைனி, 2019ஐ மறுபடி எடுக்க வேண்டாம்

செல்வி: நான் எதையும் எடுக்கவில்லை. பிரியாணி நாலு மணிக்கு வந்தது. அவ்வளவுதான்.

சேவியர்: நாலு மணிக்கு வந்தாலும் அண்டா காலி

செல்வி: பசி

ஸ்டெல்லா: ராத்திரிப் பூசை முடிந்து வீட்டுக்கு வர ரெண்டு மணி ஆகிறது. அஞ்சு மணிக்குக் கறி வெட்டி வந்துவிடும். அத்தை காலத்தில் பின்கட்டில் ஓலைக் கூரை, ஆக்குவதற்கு ஏழெட்டுப் பெண்கள். இப்போது தகர ஷீட், மைனியும் நானும். மதியம் ஒரு மணிக்கு அதற்குக் கீழே அடுப்புப் பக்கம் நின்று பார்த்துவிட்டு யாராவது பேசுங்கள். மதியச் சாப்பாட்டை ராத்திரிக்கு மாற்றினால் என்ன? மொட்டை மாடியில் காற்றாவது வரும்.

ஜெனி: எனக்குச் சம்மதம்

மிக்கேல்: 25 மதியச் சாப்பாடு அப்பா காலத்திலிருந்து வருவது

ஜெனி: 26 கடற்கரையும் தாத்தா காலத்தில் இருந்ததுதானே மாமா

செல்வி: அது வேறு ஜெனி

ரீகன்: என்ன 26? எனக்குத் தெரியாதே

பெர்னா: உனக்கு நாலு வயது. மிச்சக் கறியும் இட்லியும் கட்டிக்கொண்டு வருஷா வருஷம் 26ஆம் தேதி கடற்கரைக்குப் போவோம். 2004இல் கிளம்பத் தயாராக நின்றபோதுதான் டிவியில் சுனாமி செய்தி. அதற்கப்புறம் அந்தத் தேதியில் அம்மா யாரையும் கடல் பக்கம் விட்டதில்லை.

ரீகன்: சரி

செல்வி: பழைய வீட்டு விஷயத்துக்கு வாருங்கள். 2023 வெள்ளத் தண்ணீர் நின்ற கோடு சுவரில் இன்னும் இடுப்பு உயரத்துக்கு இருக்கிறது. வெள்ளை அடிக்க ஆளுக்கு இவ்வளவு என்று பேசினோம். யார் யார் கொடுத்தது என்று நான் இங்கே சொல்லவில்லை.

சேவியர்: ஜனவரியில் தருகிறேன் அக்கா

மிக்கேல்: அன்று காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. நம் பக்கத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்தாலே அவ்வளவு வராது.

ரீகன்: குடில் சுரூபமெல்லாம் என்ன ஆச்சு?

செல்வி: தகரப் பெட்டியோடு ஊறியது. ஒட்டகத்துக்கு முன்கால் இல்லை. சூசையப்பருக்குச் சாயம் போய் மூக்கும் கண்ணும் ஒன்றாகிவிட்டது. மூன்று ராசாக்களில் ஒருவர் கரைந்தே போனார். பாலன் இயேசு மட்டும் அம்மாவின் பீரோ மேல்தட்டில் சேலைக்குள் இருந்ததால் தப்பினார்.

சேவியர்: ஃபைபரில் புது செட் வாங்குவோம். மழைக்கும் தாங்கும்.

செல்வி: அம்மாவுக்கு வேண்டாமாம். ஒட்டகத்தைச் செங்கல்லில் சாய்த்தால் போதுமாம்.

ஜெனி: ராசா?

பெர்னா: ஜனவரி 6 மூன்று ராசாக்கள் திருநாளுக்குத்தானே வர வேண்டும். வழியில் இருக்கிறார் என்று சொல்லுங்கள்.

மிக்கேல்: பெர்னா, இதில் விளையாட்டு வேண்டாம்

பெர்னா: சரி அண்ணே. ஒன்று மட்டும். பாலனை வைக்கும்போது வீடியோ கால் போடுங்கள். தோகாவில் 25 வேலை நாள், பூசை முடிந்து காலையில் ஆபீஸ். டிசம்பர் ராத்திரிக்கு இங்கே சுவெட்டர் வேண்டியிருக்கிறது, சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

ஜெனி: அந்தக் குளிருக்கு வாங்கிய வெல்வெட் கவுனைத்தானே சித்தி எனக்கு அனுப்பினீர்கள். முழுக்கை, உள்ளே லைனிங் வேறு.

பெர்னா: எவ்வளவு அழகாக இருந்தாய்!

ஜெனி: பிரசங்கம் முடிவதற்குள் கழுத்தெல்லாம் வேர்க்குரு

சேவியர்: கேரல் ரவுண்டில் கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடி போட்டவன் நான். வேர்க்குரு பற்றி என்னிடம் பேசாதே. தாடியைப் பிழிந்தால் ஒரு டம்ளர் வரும்.

ரீகன்: 24ஆம் தேதி பெரிய புயல் என்று ஒன்று வந்திருக்கிறதே, பார்த்தீர்களா? மாடி வேண்டாம்.

ஜெனி: அண்ணா, அது போன வருஷமே சுற்றிய ஃபார்வர்டு

ஸ்டெல்லா: புயல் இல்லை என்றாலும் பந்தலுக்கு இப்போதே சொல்ல வேண்டும்

செல்வி: சண்டையை நிறுத்துங்கள். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அம்மா கம்பை ஊறப்போட்டாச்சு.

மிக்கேல்: நல்லது. திங்கட்கிழமை விதைப்பு. கணக்கு சரியாக வரும். எந்தத் தட்டு?

செல்வி: என் ஓவன் தட்டு. கேட்கவே இல்லை.

சேவியர்: அப்போ குடில் ஃபிளாட்டில்தானா?

செல்வி: பயிர் ஃபிளாட்டில். குடிலைப் பற்றி அம்மா வாயே திறக்கவில்லை.

ஸ்டெல்லா: சாப்பாடு?

மிக்கேல்: மதியம் வழக்கம்போல. ராத்திரி வேண்டுமானால் மாடியில் எளிமையாக ஏதாவது.

ஸ்டெல்லா: ஆக ரெண்டு வேளையும் நான்தான்

சேவியர்: பழைய வீட்டுச் சாவி யாரிடம்? 23 காலையில் வந்து நானே பெருக்குகிறேன்.

பெர்னா: இதைப் படம் பிடித்து வையுங்கள்

மிக்கேல்: சாவியை ஈஸ்டர் சமயத்தில் செல்வியிடம் கொடுத்தேன்

செல்வி: எனக்குக் கொடுத்தது மாடிக் கதவுச் சாவி

ஜெனி: மக்ரூன் எத்தனை கிலோ? கடையில் இன்றைக்கே கேட்கிறார்கள். மழை ஈரத்தில் நமுத்துவிடும், அதனால் 23தான் வாங்குவேன்.

ரீகன்: மூணு

செல்வி: ரெண்டு போதும்

மிக்கேல்: மாடிக் கதவுச் சாவி வளையத்திலேயே இன்னொன்று இருக்கும். பார்.