மறு: ‘லாஸ்ட் காஸ்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

ஐயா, அக்கா, குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இழை நீண்டுவிட்டதால் இடையில் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலத்தார், ‘நாங்கள் அடிமைமுறைக்காகச் சண்டை போடவில்லை, மாநில உரிமைக்காகவும் மானத்துக்காகவும்தான் போட்டோம், ஆள்பலத்தால் அமுக்கப்பட்டோம்’ என்று பிற்பாடு கட்டியெழுப்பிய வரலாற்றுக்குத்தான் ‘லாஸ்ட் காஸ்’ (Lost Cause) என்று பெயர். ரிச்மண்ட் பத்திரிகையாளர் எட்வர்ட் பொல்லார்ட் 1866இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலிருந்து வந்தது.

> ‘தோற்ற இலட்சியம்’ என்று நேரடியாகப் போட்டால் என்ன குறை?

ஐயா, முதல் குறை நம் மொழியிலேயே இருக்கிறது. இலட்சியத்தை விட்டு, இழையில் வந்த ‘தொன்மம்’ என்ற சொல்லோடு சேர்த்துப் பாருங்கள். ‘தோற்ற தொன்மம்’ என்றால் தோல்வியடைந்த தொன்மம். ‘தோற்றத் தொன்மம்’ என்றால் ஓர் இனமோ ஊரோ எப்படித் தோன்றியது என்று சொல்லும் கதை. நடுவில் ஒரேயொரு ‘த்’. நாளிதழ்கள் ஒற்றைப் படுத்தும் பாட்டைப் பார்த்தால், இந்தச் சொல் ஒரு மாதம்கூட உயிரோடு இருக்காது. ‘இலட்சியம்’ உயிரெழுத்தில் தொடங்குவதால் கண்ணுக்குக் கிடைக்கும் அந்த ஒற்றும் இல்லை.

இரண்டாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ‘இலட்சியம்’ என்று எழுதியவுடனே அவர்கள் சொன்னதை நாம் ஏற்றுக்கொண்டதாகிவிடும். என்ன இலட்சியம்? 1861 மார்ச் 21 அன்று சவான்னாவில் பேசிய, பிரிந்துபோன தென்மாநிலங்களின் கூட்டமைப்புக்குத் துணைத் தலைவரான அலெக்சாண்டர் ஸ்டீவன்ஸ், கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்லர் என்பதே தங்கள் புதிய அரசின் மூலைக்கல் என்றார். மிசிசிப்பி மாநிலம் பிரிந்துபோனபோது வெளியிட்ட அறிக்கை, தங்கள் நிலைப்பாடு அடிமைமுறையோடு முழுக்கப் பிணைந்தது என்று தொடக்கத்திலேயே சொல்கிறது. ஒளிவுமறைவே கிடையாது. போர் முடிந்தபின் அதே ஸ்டீவன்ஸ் இரண்டு தொகுதிகள் எழுதுகிறார். அதில் சண்டை முழுக்க அரசமைப்புச் சட்டத்தைப் பற்றியதாகிவிடுகிறது! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பது இதுதான். இங்கே பூசணிக்காய் ஏறத்தாழ முப்பத்தைந்து இலட்சம் அடிமைகள்.

> அப்படியானால் ‘கட்டுக்கதை’ என்று சொல்லிவிட்டுப் போகலாமே.

அக்கா, எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் கட்டுக்கதை என்றால் வாசகர் முழுப் பொய்யை எதிர்பார்ப்பார். இதில் இருக்கும் துண்டுகள் பலவும் மெய். தெற்கின் படையை நடத்திய ராபர்ட் லீ தேர்ந்த தளபதிதான். படைவீரர்கள் பட்டினி கிடந்தார்கள். வடக்கிடம் ஆளும் ஆலையும் அதிகம். பொய் இருப்பது விட்டுவிட்டதில். கட்டுக்கதை என்று எழுதினால், ‘லீ இருந்தாரே’ என்று ஒருவர் கேட்ட மாத்திரத்தில் நம் சொல் விழுந்துவிடும்.

‘தொன்மம்’ என்றால் பழங்கதை, இதற்குப் பொருந்தாது என்று ஐயா எழுப்பிய தடையும் நியாயம்தான். தொல்காப்பியம் சொல்லும் ‘தொன்மை’ பழமையைச் சார்ந்தது. இதற்கோ பிறந்த ஆண்டே தெரியும். ஆனால் பழமையானது போல் காட்டிக்கொள்வதுதானே இதன் வேலை? 1890இல் ரிச்மண்டில் லீயின் குதிரைச் சிலையை நிறுத்தியபோது போர் முடிந்து இருபத்தைந்து ஆண்டுதான் ஆகியிருந்தது. இத்தகைய சிலைகளில் மிகப் பல, கறுப்பர்களின் வாக்குரிமையைப் பறித்து, பள்ளியிலும் இரயிலிலும் அவர்களைத் தனியே ஒதுக்கிய காலத்தில் எழுந்தவை. லீ சிலையை இறக்க 2021 வரை ஆயிற்று. ஆகவே தொன்மம் இருக்கட்டும்.

நாம் ஒரு பெயருக்கு இவ்வளவு மல்லுக்கட்டுவது வேடிக்கையாகத் தோன்றலாம். அந்தத் தென்மாநிலத்தாரும் இதே சண்டையைத்தான் போட்டார்கள். 1894இல் தொடங்கிய கூட்டமைப்பு மகளிர் சங்கம், உள்நாட்டுப் போர் என்று சொல்லாதே, ‘மாநிலங்களுக்கிடையிலான போர்’ என்று சொல் என்று வற்புறுத்தியது. அச்சங்கத்தின் வரலாற்றாளர் மில்ட்ரெட் ரதர்ஃபோர்ட், முதல் உலகப் போர் முடிந்த கையோடு பாடநூல்களுக்கு ஓர் அளவுகோல் வகுத்தார்: தெற்கு அடிமைகளை வைத்துக்கொள்ளவே போரிட்டது என்று சொல்லும் நூலைத் தள்ளு, அடிமையாளரைக் கொடியவர் என்று காட்டும் நூலைத் தள்ளு. பிறகு திரைப்படம் வந்தது. 1915இல் ‘ஒரு தேசத்தின் பிறப்பு’, கறுப்பர்களை வன்முறையால் அச்சுறுத்திய வெள்ளையர் கும்பலான கு க்ளக்ஸ் க்ளானை நாயகர்களாக்கியது. அதே ஆண்டு ஜார்ஜியாவின் ஸ்டோன் மலையில் க்ளான் மறுபடி உயிர்பெற்றது. 1939இல் ‘கான் வித் த விண்ட்’ அட்லாண்டாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டபோது, அதில் அடிமைப் பணிப்பெண்ணாக நடித்த ஹாட்டி மெக்டேனியலால் அந்த விழாவுக்குப் போக முடியவில்லை. நிறவொதுக்கல் சட்டம். அடுத்த ஆண்டு அதே வேடத்துக்கு ஆஸ்கர்.

> ‘தோற்றோர் தொன்மம்’. ஒற்றுச் சிக்கலும் தீர்ந்தது, மோனையும் வந்தது.

அக்கா, காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. பயமும் அங்கேதான். பாரி மகளிரின் ‘அற்றைத் திங்கள்’ படித்து வளர்ந்த நமக்குத் தோற்றவர் என்றாலே மனம் இளகிவிடும். இங்கே தோற்றது யார்? தென் கரோலினாவிலும் மிசிசிப்பியிலும் மக்களில் பாதிக்கு மேல் அடிமைகள். அவர்கள் தோற்கவில்லை, விடுதலை பெற்றார்கள். ‘தெற்கு தோற்றது’ என்னும்போதே அவர்கள் தெற்கிலிருந்து கழன்றுவிடுகிறார்கள். அதனால் இதைச் செய்தவர் பெயரால் அழைப்போம்: ‘ஆண்டைத் தொன்மம்’. பொல்லார்டின் நூலைச் சுட்டும் இடத்தில் மட்டும் ‘தோற்ற இலட்சியம்’, அதுவும் மேற்கோள் குறிக்குள்.

—

தம்பி,

ஆண்டை என்றால் எனக்குத் தஞ்சாவூர்ப் பண்ணைதான் கண்முன் நிற்கிறது. தவிர, அந்தத் தென்மாநிலங்களில் அடிமை வைத்திருந்த வெள்ளைக் குடும்பங்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்றவர்களை எப்படி ஆண்டை என்பது?

—

ஐயா, அடிமையே வைத்திராத ஏழை வெள்ளையனின் பேரனும் தன் தாத்தாவை ஆண்டையாக நினைத்துப் பெருமைப்படச் செய்ததுதான் இந்தத் தொன்மத்தின் சாமர்த்தியம். பண்ணை நினைவுக்கு வந்தால் வரட்டுமே. வேறெந்தச் சொல்லும் வாசகருக்கு அதை இவ்வளவு சீக்கிரம் புரியவைக்காது.

—

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘த்’ தவறு, தம்பி. ஒற்றைப் பற்றி அவ்வளவு பேசிவிட்டு நீயே தடுக்கி விழுந்தாயே! ஆண்டை உயர்திணை, ‘தம்பி கை’ என்கிறோம், ‘தம்பிக் கை’ என்பதில்லை. ‘ஆண்டை தொன்மம்’ என்று இயல்பாக விட்டால் யாராவது திருத்துகிறேன் என்று ஒற்றைச் செருகிவிடுவார்கள். ‘ஆண்டையர் தொன்மம்’ என்று பட்டியலில் ஏற்றிவிடு.