ஆர்எஸ்-485: மீட்டரைத் தனியாக மாட்டினால் ரீடிங் வருகிறது, எட்டையும் சேர்த்தால் டைம்-அவுட்

கேள்வி:
வணக்கம். எட்டு த்ரீ-ஃபேஸ் எனர்ஜி மீட்டர்களை யுஎஸ்பி கன்வெர்ட்டர் வழியாகக் கணினியில் படிக்க வேண்டும். லைன் ஆர்எஸ்-485 (ஒரே இரண்டு கம்பியில் பல கருவிகளை இணைக்கும் முறை), அதில் மோட்பஸ் ஆர்டியூ (கணினி கேட்க, மீட்டர் பதில் சொல்லும் முறை). கேபிள் மொத்தம் 60 மீட்டர், முறுக்கிய ஜோடி, ஷீல்டு உண்டு. பேனலுக்குப் பேனல் தொடராகவே போகிறது, நடுவில் கிளை இல்லை. முகவரி 1 முதல் 8 வரை. எல்லாவற்றிலும் பாட் ரேட் (தகவல் போகும் வேகம்) 9600, பாரிட்டி இல்லை, 8 டேட்டா பிட், 1 ஸ்டாப் பிட்.

எந்த மீட்டரையும் லைனிலிருந்து பிரித்து நேராகக் கன்வெர்ட்டரில் மாட்டினால் உடனே பதில் வருகிறது. எட்டையும் சேர்த்தால் எல்லாமே டைம்-அவுட். எப்போதாவது முதல் மீட்டர் மட்டும் சிஆர்சி பிழையோடு (தகவல் வழியில் சிதைந்ததற்கான அடையாளம்) ஏதோ அனுப்புகிறது.

இன்னொரு சந்தேகம். மேனுவலில் ஆர்-ஃபேஸ் வோல்டேஜ் ரெஜிஸ்டர் (மீட்டருக்குள் மதிப்பு இருக்கும் இடம்) 40101. தனியாக மாட்டிப் படிக்கும்போது அதில் 17255, அடுத்ததில் 26214 வருகிறது. மீட்டர் டிஸ்ப்ளேயில் 231.4 வோல்ட். இது என்ன கணக்கு?

பதில் 1:
பாட் ரேட்டை 2400-க்குக் குறைத்துப் பாருங்கள். ஏ, பி கம்பிகள் ஏதாவது ஒரு மீட்டரில் மாறியிருக்கலாம், அதையும் பாருங்கள். ஏ என்றால் பிளஸ்ஸா மைனஸா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எழுத்தை நம்பாமல் டி பிளஸ், டி மைனஸ் எது என்று மேனுவலில் பார்த்து இணையுங்கள்.

பதில் 2:
ஏ–பி சோதனை அவசியம்தான். ஆனால் பாட் ரேட்டைத் தொட வேண்டாம். 9600-இல் 60 மீட்டர் ஒரு தூரமே இல்லை, அந்த வேகத்தில் ஆர்எஸ்-485 ஆயிரம் மீட்டருக்கு மேல் ஓடும். தனித்தனியாக ஓடி, சேர்த்தால் படுத்துக்கொள்கிறது என்றால் லைனில் லோடு அதிகமாகிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

மல்டிமீட்டரை எடுங்கள். எட்டு மீட்டருக்கும் சப்ளையை நிறுத்தி, கன்வெர்ட்டரையும் கணினியிலிருந்து பிடுங்கிவிட்டு, லைனின் ஏ-க்கும் பி-க்கும் நடுவே எத்தனை ஓம் என்று சொல்லுங்கள்.

கேட்டவர்:
15 ஓம் காட்டுகிறது. ஏ–பி எல்லா இடத்திலும் சரியாகவே இருக்கிறது.

பதில் 2:
அப்படியானால் காரணம் கிடைத்துவிட்டது. 120-ஐ எட்டால் வகுத்தால் 15. பேனல் வயரிங் செய்தவர் ஒவ்வொரு மீட்டரிலும் ஒரு 120 ஓம் டெர்மினேஷன் ரெசிஸ்டர் (லைன் முனையில் சிக்னல் எதிரொலிக்காமல் தடுப்பது) போட்டிருக்கிறார். மீட்டரின் ஏ–பி டெர்மினல் ஸ்குரூவிலேயே கம்பியோடு சேர்த்து ஒரு சின்ன ரெசிஸ்டர் முடுக்கியிருக்கும், பழுப்பு–சிவப்பு–பழுப்பு வளையங்கள். சில நேரம் ஃபெரூலுக்குள் (கம்பி முனையில் மாட்டும் உலோகக் குழாய்) ஒளிந்திருக்கும், ஸ்குரூவைத் தளர்த்திப் பார்த்தால்தான் தெரியும். ரெசிஸ்டர் கண்ணில் படாவிட்டால் மீட்டரின் பின்புறம் டெர்மினேஷன் சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள்.

டெர்மினேஷன் லைனின் இரண்டு கோடியில் மட்டுமே இருக்க வேண்டும். ஆர்எஸ்-485 டிரைவர் சுமார் 54 ஓம் லோடில் 1.5 வோல்ட் கொடுக்கும்படி வகுக்கப்பட்டது. 15 ஓம் என்றால் அதற்குக் கிட்டத்தட்ட ஷார்ட். எதிர்முனையில் மீட்டர் சிக்னலை அடையாளம் காண ஏ–பி வித்தியாசம் 200 மில்லிவோல்ட்டாவது தேவை. வோல்டேஜ் இப்படி அமுங்கும்போது, கன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் மீட்டர் மட்டும் அரைகுறையாகப் பேசுவதில் ஆச்சரியமில்லை.

1 முதல் 7 வரை எல்லாவற்றையும் கழற்றுங்கள். கடைசி எட்டாம் மீட்டரில் ஒன்று இருக்கட்டும், கன்வெர்ட்டர் முனையில் ஒன்று போடுங்கள் (கன்வெர்ட்டரிலேயே ஜம்பர் இருந்தால் அதைப் போட்டால் போதும்). மறுபடி அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனையில் இல்லை, 40 வந்தால் எங்கோ ஒன்று பாக்கி. சப்ளை போட்டபின், பேச்சு நடக்காத நேரத்தில் ஏ–பி வோல்டேஜையும் அளந்துவிடுங்கள். 200 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருந்தால் கன்வெர்ட்டர் பக்கம் பயாஸ் ரெசிஸ்டர்களும் (சும்மா இருக்கும் லைனை நிலையான வோல்டேஜில் பிடித்து வைப்பவை) தேவைப்படும்.

பதில் 3:
வோல்டேஜ் கணக்குக்கு வருகிறேன். உங்கள் ரீடிங் சரியாகத்தான் வருகிறது. அது 32 பிட் ஃப்ளோட் (தசமப் புள்ளி உள்ள எண்), இரண்டு ரெஜிஸ்டரில் பாதி பாதியாக உட்கார்ந்திருக்கிறது. 17255-ஐ ஹெக்ஸில் எழுதினால் 4367, 26214 என்பது 6666. சேர்த்தால் 43676666, அதுதான் 231.4.

கையிலேயே சரிபார்க்கலாம். மதிப்பு 128-க்கும் 256-க்கும் இடையில் இருந்தால், முதல் ரெஜிஸ்டரிலிருந்து 17024-ஐக் கழியுங்கள், முழு வோல்ட் கிடைக்கும்: 231. இரண்டாவதை 65536-ஆல் வகுத்தால் 0.4. ஃபேஸ்-டு-நியூட்ரல் வோல்டேஜுக்கு இது வசதி. 400 வோல்ட் லைன் வோல்டேஜுக்கு இந்தக் கழித்தல் பொருந்தாது.

சாஃப்ட்வேரில் டேட்டா டைப்பை ஃப்ளோட் என மாற்றி, ஒரே கேள்வியில் இரண்டு ரெஜிஸ்டர் கேளுங்கள். தனித்தனியாகக் கேட்டால் நடுவில் மதிப்பு மாறி, பழைய பாதியும் புதிய பாதியும் ஒட்டிக்கொள்ளும். 2.7-ஐ 10-இன் 23-ஆம் அடுக்கால் பெருக்கியது போல ஒரு பூத எண் வந்தால் வேர்டு வரிசை (இரண்டு பாதிகளின் வரிசை) தலைகீழ், ஸ்வாப் ஆப்ஷனை மாற்றுங்கள்.

40101 என்பது ஃபங்ஷன் 03 (ரெஜிஸ்டரைப் படிக்கும் கட்டளை), லைனில் போகும் முகவரி 100. சில சாஃப்ட்வேர் 101 கேட்கும், சில 100 கேட்கும். ஒன்று தள்ளிப் போனால் ஒரு ஃபேஸின் கடைசிப் பாதியும் அடுத்ததன் முதல் பாதியும் கலந்து வரும். எக்ஸெப்ஷன் 02 (மீட்டர் அனுப்பும் பிழை எண்) வந்தாலும் கேபிளைப் பிடுங்காதீர்கள்: மீட்டர் பதில் சொல்லியிருக்கிறது, ரெஜிஸ்டர் எண்தான் தப்பு.

கேட்டவர்:
ஏழு ரெசிஸ்டரையும் எடுத்து, கன்வெர்ட்டரில் ஜம்பர் போட்டேன். 60 ஓம். எட்டும் வந்துவிட்டன, வோல்டேஜும் டிஸ்ப்ளேயோடு ஒத்துப்போகிறது. மிக்க நன்றி. ஆறாம் மீட்டர் மட்டும் பக்கத்து விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) ஓடும்போது நூற்றில் நாலைந்து முறை சிஆர்சி பிழை தருகிறது.

பதில் 2:
அந்த பேனலில் மோட்டார் கேபிளும் இந்தக் கேபிளும் ஒரே டிரேயில் போகிறதா பாருங்கள். குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளுங்கள், குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். ஷீல்டு எல்லா மீட்டரிலும் விடுபடாமல் தொடர வேண்டும், எர்த் மட்டும் ஒரே முனையில். மீட்டரில் ஜிஎன்டி டெர்மினல் இருந்தால் மூன்றாவது கம்பியாக அதையும் இழுங்கள். ஷீல்டை அந்த வேலைக்குப் பயன்படுத்த வேண்டாம். ஏ, பி இரண்டும் கிரவுண்டைப் பொறுத்து −7 முதல் +12 வோல்ட்டுக்குள் இருந்தால்தான் சிப் ஒழுங்காகப் படிக்கும். பேனல்களின் எர்த் வித்தியாசம் அதைத் தாண்டினால் சிப்பே போய்விடும். விஎஃப்டி உள்ள இடத்தில் ஐசொலேட்டட் கன்வெர்ட்டர் (லைனையும் கணினியையும் மின்சார ரீதியாகப் பிரித்து வைப்பது) வாங்கிவிடுவதுதான் நல்லது, கணினியின் யுஎஸ்பி போர்ட்டும் பிழைக்கும்.

பதில் 3:
ரெஸ்பான்ஸ் டைம்-அவுட் 1 விநாடி, கேள்விகளுக்கு இடையே 50 மில்லிவிநாடி, ரீட்ரை 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். கன்வெர்ட்டரில் சிஎச்340 சிப் என்றால் எப்போதும் ஒரே யுஎஸ்பி துளையில் செருகுங்கள். அதில் பெரும்பாலும் சீரியல் எண் இருக்காது, துளை மாறினால் விண்டோஸ் புது காம் போர்ட் எண் கொடுத்துவிடும், சாஃப்ட்வேர் பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கும்.