செல் புரதத்தை ‘வெளிப்படுத்துகிறது’ என்பது சரியா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

நோயெதிர்ப்புச் செல்கள் சிஆர்பி (சி-எதிர்வினைப் புரதம், உடலில் அழற்சி வந்தால் இரத்தத்தில் ஏறுவது) என்ற புரதத்தை உண்டாக்கித் தம் மேற்பரப்பில் வைத்திருப்பதைக் குறிக்க ‘மேற்பரப்பு வெளிப்பாடு’ போதும் என்று நம் கலைச்சொல் குழுவின் சென்ற மடலில் ஒரு நண்பர் எழுதியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. காரணம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘வெளிப்பாடு’ ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிற சொல். மரபணு வெளிப்பாடு என்றால் மரபணுவின் செய்தி ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்பட்டுப் புரதமாவது. அந்தப் புரதம் கடைசிவரை செல்லுக்குள்ளேயே கிடந்தாலும் அது வெளிப்பாடுதான். அதே சொல்லை மேற்பரப்புக்கும் நீட்டினால், படிக்கிற மாணவர் மூன்று விதமாகப் புரிந்துகொள்வார்: உருவானது, மேலே வந்து நின்றது, வெளியே போய்விட்டது.

வேறு புரதம் என்றால் சரி, விட்டுவிடலாம். சிஆர்பியில் இந்த மூன்றும் தனித்தனியே நடக்கின்றன. உடலில் அழற்சி தொடங்கியதும் இண்டர்லூக்கின்-6 என்ற செய்திப் புரதம் கல்லீரலுக்குத் தகவல் கொண்டுபோகிறது. கல்லீரல் செல்கள் சிஆர்பியைச் செய்து இரத்தத்தில் விடுகின்றன. கடுமையான தொற்றில் அதன் அளவு வழக்கத்தைவிட ஆயிரம் மடங்குகூட ஏறும். இரத்தத்தில் அதன் அரையாயுள் (இருப்பதில் பாதி குறைய ஆகும் நேரம்) சுமார் 19 மணி நேரம்தான். ஆகவே தூண்டுதல் நின்றால் அளவு மளமளவென்று இறங்கிவிடும். இப்படி இரத்தத்தில் விடுவதற்குச் ‘சுரப்பு’ என்ற சொல் இருக்கிறது, சண்டையே இல்லை.

சிக்கல் நிணநீர்ச் செல்களில் வருகிறது. மனித இரத்தத்திலுள்ள இந்தச் செல்களில் ஒரு சிறு பகுதி, குறிப்பாக இயற்கைக் கொல்லி செல்கள், சிஆர்பியைத் தாமே செய்து மேற்பரப்பில் வைத்துக்கொள்வதை 1980களின் ஆய்வுகள் காட்டின. அதாவது உற்பத்தி உண்டு, சுரப்பு இல்லை. போதாததற்கு இன்னொரு கூட்டம்: கிருமிகளை விழுங்கும் செல்களான மோனோசைட்டுகள், பெருவிழுங்கிகள். எதிர்ப்புரதத்தின் (ஆன்டிபாடி) வால்பகுதியைப் பற்றும் ஏற்பிகள் இவற்றில் உண்டு. அந்த ஏற்பிகள் இரத்தத்தில் மிதந்து வரும் சிஆர்பியையும் பிடித்துக்கொள்ளும். சிஆர்பியை அடையாளம் காணும் ஒளிரும் எதிர்ப்புரதத்தை ஒட்டிப் பார்த்தால் சொந்தமாகச் செய்த செல்லும் ஒளிரும், இரவல் வாங்கிய செல்லும் ஒளிரும். யார் செய்தது என்று அறிய, கதிரியக்க அமினோ அமிலத்தைச் செல்லுக்குக் கொடுத்து, அது சிஆர்பியில் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் இவ்வளவு பாடுபட்டுப் பிரித்ததை நாம் ஒரே சொல்லால் மறுபடி குழப்பலாமா?

இனி, குழுவில் வந்த மாற்றுகள்.

> ‘புறங்காட்டல்’ எப்படி?

சொல் அழகுதான். ஆனால் நம் மரபில் புறங்காட்டுவது போர்க்களத்தில் முதுகைக் காட்டி ஓடுவது. கிருமியோடு மல்லுக்கட்டும் செல்லுக்குப் போய் அந்தப் பெயரா!

> ‘முன்வைப்பு’ ஏற்கெனவே இருக்கிறதே.

இருக்கிறது, ஆனால் அது எதிர்ப்பொருள் (ஆன்டிஜென்) முன்வைப்புக்கு உரியது. அங்கே புரதம் சிறு துண்டுகளாக நறுக்கப்பட்டு, செல்லின் மேற்பரப்பில் உள்ள எம்எச்சி என்ற மூலக்கூற்றின் பள்ளத்தில் வைத்து டி-செல் என்ற நோயெதிர்ப்புச் செல்லுக்குக் காட்டப்படுகிறது. இங்கே துண்டாக்கலும் இல்லை, எம்எச்சியும் இல்லை.

> ‘சவ்வில் பதிதல்’?

இதில் எனக்கும் சபலம் இருந்தது. ஆனால் பதிதல் என்றதும் புரதச் சங்கிலி சவ்வை ஊடுருவி நிற்கும் படம் மனத்தில் வரும். சிஆர்பி அடிப்படையில் நீரில் கரையும் புரதம். ஒரே மாதிரியான ஐந்து அலகுகள் வளையமாகச் சேர்ந்தது, அலகுக்கு 206 அமினோ அமிலங்கள். சவ்வை ஊடுருவும் பகுதி அதற்குக் கிடையாது. (அது சேர்ந்த குடும்பத்தின் பெயரான பென்ட்ராக்சினுக்குக் கிரேக்க வேரில் ஐந்து கனிகள் என்று பொருள். ‘ஐங்கனிப் புரதம்’ என்று வைக்க ஆசை. அதை இன்னொரு மடலில் வைத்துக்கொள்வோம்.)

என் பரிந்துரை ‘மேலேந்தல்’. ஏந்துவது என்றால் தாங்கிப் பிடிப்பது. எதைக் கொண்டு பிடித்திருக்கிறது என்று அந்தச் சொல் உறுதி கூறுவதில்லை, அதுதான் இங்கே வசதி. ‘ஏந்தல்’ தலைவனையும் ஏரியையும் குறிக்குமே என்று கேட்பீர்கள். ‘மேல்’ முன்னால் நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது. வினையாகவும் மடங்கும்: ‘இந்தச் செல்கள் சிஆர்பியை மேலேந்துகின்றன.’ ‘மேற்பரப்பில் வெளிப்படுத்துகின்றன’ என்பதைவிடக் குறுகலாகவும் இருக்கிறது. வேறுபடுத்த வேண்டிய இடத்தில் தானே செய்ததற்குத் ‘தன்னேந்தல்’, பிடித்துக்கொண்டதற்குப் ‘பற்றேந்தல்’. ஒரு சொற்றொடர் எழுதிப் பார்த்தேன்:

‘இயற்கைக் கொல்லி செல்களில் காண்பது தன்னேந்தல், மோனோசைட்டுகளில் பற்றேந்தலுக்கும் வாய்ப்பு உண்டு.’

படிக்க முடிகிறது அல்லவா?

‘சி-எதிர்வினைப் புரதம்’ என்ற பெயரையே மாற்றலாமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். 1930இல் டில்லெட்டும் பிரான்சிஸும் நிமோனியா நோயாளிகளின் இரத்தநீரில் இதைக் கண்டபோது, நியூமோகாக்கஸ் கிருமியின் ‘சி’ என்ற பலசர்க்கரைப் பொருளோடு சேர்ந்து வீழ்படிவு ஆனதால் வந்த பெயர் அது. இரத்தப் பரிசோதனைத் தாள் வரை பரவிவிட்டது.

‘பற்றேந்தல்’ வாயில் கொஞ்சம் இடறுகிறது என்று எனக்கே தெரியும். ‘இரவலேந்தல்’ என்றும் யோசித்தேன், கேலி போலத் தொனித்தது. வேறு நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள். ‘மேலேந்தல்’ பற்றி மட்டும் இந்த இழையிலேயே முடிவெடுத்துவிடலாம்.

அன்புடன்