டைரி நிறைகிறது, வேலை நகரவில்லை

கேள்வி: ரயில்மாணவி

பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணத்துக்குத் தினமும் ரயில். காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டால் மாலை ஐந்தரைக்குத்தான் திரும்புகிறேன். ஆறரை முதல் எட்டு வரை தெருப்பிள்ளைகள் ஆறு பேருக்கு டியூஷன். என் கைச்செலவு அதில்தான் ஓடுகிறது. இதற்கு நடுவே குரூப் 4 தேர்வுக்கும் தயாராகிறேன்.

மாமா ஒரு நகைக்கடை டைரி தந்தார். தினமும் பச்சை மையில் எழுதுகிறேன்: 8–9 வெப்ப இயக்கவியல், 9–10 ஆய்வக ரெக்கார்டு, 10–11 பொதுத்தமிழ். நடப்பது வேறு. ரெக்கார்டு ஒன்றே பதினொரு மணி வரை தின்றுவிடுகிறது. விட்டதை மறுநாள் பக்கத்தில் மறுபடி எழுதுகிறேன். நியூட்டன் வளையச் சோதனை செவ்வாயில் கிளம்பிச் சனிக்கிழமை வரை பயணம் செய்துவிட்டது, ரயில் டிக்கெட் மட்டும்தான் எடுக்கவில்லை. இப்போது டைரியைத் திறக்கவே கூச்சமாக இருக்கிறது. இந்தப் பழக்கம் உண்மையிலேயே யாருக்காவது உதவியிருக்கிறதா?

பதில் 1: ஆய்வேட்டு அக்கா

தங்கையே, எட்டு மணிக்கு டியூஷன் முடிகிறது, எட்டு மணிக்கே வெப்ப இயக்கவியலும் தொடங்குகிறது. சாப்பாடு எப்போது? நீ எழுதுவது கால அட்டவணை அல்ல, வேண்டுதல்.

எல்லாருக்கும் இந்தக் கோளாறு உண்டு. கனடாவில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். பிடித்தது ஏறக்குறைய 55 நாள். 1994-இல் வெளிவந்த ஆய்வு அது. என் ஆய்வேட்டுக் கணக்கைச் சொன்னால் சிரிப்பாய், விட்டுவிடுகிறேன்.

ஒரு வாரத்துக்குத் திட்டமே போடாதே. வேலை முடிந்ததும், அதற்கு எத்தனை நிமிடம் பிடித்தது என்பதை மட்டும் எழுது. பிறகு அந்த எண்ணை வைத்துத் திட்டமிடு. வெள்ளிக்கிழமை இரவை வெறுமையாக விடு. வழிந்ததெல்லாம் அங்கே போகட்டும்.

பதில் 2: ஈரோட்டான்

அக்கா சொல்வது கல்லூரி வேலைக்குச் சரி. குரூப் 4-ஐ இரவு பத்து மணிக்கு வைத்ததுதான் எனக்கு உறுத்துகிறது. 200 கேள்விகளில் 100 தமிழ். அதில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அதைத் தூக்கம் சொக்கும் நேரத்தில் படிப்பதா?

தமிழை ரயிலுக்கு மாற்றுங்கள். மணிக்கணக்கு வேண்டாம், காலையில் ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு இயல், மாலையில் அதே இயலின் கேள்விகள். டைரியில் இயல் எண்ணை எழுதினால் போதும். ரெக்கார்டை மட்டும் ரயிலில் எடுத்துவிடாதீர்கள், வரைபடத்தில் கோடு காவிரி போல வளையும்.

பதில் 3: நாட்காட்டி

நான் டைரியே வைத்துக்கொள்வதில்லை. சமையலறையில் தொங்கும் தினத்தாள் காலண்டர்தான். அசைன்மென்ட் கொடுக்கவேண்டிய நாளுக்கு நான்கு நாள் முந்தைய தாளில் எழுதிவைப்பேன். அம்மா ராகுகாலம் பார்க்கும்போது அதையும் பார்த்துவிடுவார். அப்புறம் எந்தத் திட்டமும் தேவைப்படாது.

ரயில்மாணவி (பத்து நாள் கழித்து)

அக்கா, அளந்து பார்த்தேன். நியூட்டன் வளையத்துக்கு நான் ஒதுக்கியது ஒரு மணி நேரம். பிடித்தது இரண்டு மணி பத்து நிமிடம். படமும் வரைபடமும் மட்டுமே ஐம்பது நிமிடம். இனி ரெக்கார்டு எழுதும் இரவில் வேறெதுவும் இல்லை. வெப்ப இயக்கவியல் ஞாயிறு காலைக்குப் போய்விட்டது.

அண்ணா, காலை இயல் நடக்கிறது. மாலையில் உட்கார இடம் கிடைத்தால்தான் கேள்விகள். இதுவரை மூன்று நாள் கிடைத்தது.

8–9 கட்டத்தில் "சாப்பாடு, பாத்திரம்" என்று எழுதியிருக்கிறேன். அம்மா பார்த்துவிட்டு, "பாத்திரத்தை எழுதினால் போதாது, தேய்க்கவும் வேண்டும்" என்றார்.